அம்மி பதித்த கிணறு

நாட்குறிப்பை நான் காலையில் எழுதுகிறவள். முதல்நாள் நடந்ததை மறுநாள் ஆறு மணிக்கு, தேநீர் ஆறுவதற்குள், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி முடித்துவிடுவேன். முதல் வரியில் திகதி. இரண்டாவது வரியில் வானிலை. மூன்றாவது வரியில் அன்று யார் யாரோடு கதைத்தேன் என்பது. அந்த மூன்றாவது வரி, வேலையை விட்ட பிறகு சேர்ந்துகொண்டது. சில நாட்களில் அதில் "மரக்கறிக் கடைக்காரர்" என்று மட்டும் இருக்கும். சில நாட்களில் ஒரு சிறு கோடு மட்டும்.

இருபத்திரண்டு வருடம் கொழும்பில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இரசாயனவியலாளராக இருந்தேன். என்னுடைய பகுதி தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளிலிருந்து போத்தல்கள் வரும். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் ஒட்டியிருக்கும். நான் பிறந்த மண்ணின் தண்ணீர் இலக்கமாக வந்து, இலக்கமாகவே அறிக்கையில் ஏறி, அலுமாரிக்குள் போய்விடும். தோட்டங்களுக்குப் போடும் யூரியா செம்மண்ணுக்குள் இறங்கி, சுண்ணக்கல் வெடிப்புகளால் ஒழுகி, கிணற்றில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்கவைத்தாலும் போகாது. பெரியவர்களை உடனே ஒன்றும் செய்யாது, கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து. அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கும் தாய் ஒருத்தியும் எங்கள் அறிக்கையைக் காணப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

நாற்பத்தேழாவது வயதில் விலகினேன். சண்டை ஒன்றும் இல்லை. மேசையைத் துடைத்து, கண்ணாடிக் குழாய்களை எண்ணி ஒப்படைத்துவிட்டு வந்தேன். யாழ்ப்பாணம் திரும்பி, நல்லூரில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, அறிக்கைகளில் கிடந்ததைச் சாதாரணத் தமிழில் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கினேன்.

மதிலுக்கு அந்தப்புறம் ஒரு டியூட்டரி. பின்னேரம் மூன்று மணிக்குச் சைக்கிள்கள் வந்து நிறையும். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவர் ஒலிவாங்கியில்தான் படிப்பிப்பார். அவர் சொல்லும் சமன்பாடுகளை என் மேசையில் இருந்தபடியே சமப்படுத்திப் பார்ப்பேன். ஒருமுறை ஒட்சிசனில் பிழை விட்டார். இருநூறு பிள்ளைகள் அதை அப்படியே எழுதியிருப்பார்கள். எழுந்து மதிலடிவரை போனேன். போய் என்ன சொல்வது? திரும்பி வந்து, சரியான சமன்பாட்டை ஒரு தாளில் எழுதி என் மேசையிலேயே வைத்தேன். அன்றைய மூன்றாவது வரி கோடுதான்.

ஆய்வுகூடத்தில் எந்த முடிவுக்கும் இரண்டு கையொப்பம் வேண்டும். ஒருவர் செய்ததை இன்னொருவர் திரும்பச் செய்து பார்ப்பார். என்னோடு வேலை செய்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "உம்மடை கணக்கிலை பிழை கண்டுபிடிக்கிறதெண்டால் நான் பென்சன் எடுத்தாப் பிறகுதான்" என்று பகிடி விடுவார். விட்டாலும் திரும்பச் செய்யாமல் விடமாட்டார். எழுத்தில் அப்படி ஒருவர் இல்லை. பத்திரிகைக் காரியாலயத்தின் உதவி ஆசிரியர் எழுத்துப்பிழை பார்ப்பார், நீளம் பார்ப்பார். அதற்கு அப்பால் நான் எழுதியது நான் எழுதியதுதான்.

நல்லூரிலிருந்து சில மைல் தள்ளி ஓர் ஊரில் இருந்த அக்காவின் கிணற்றுக்கு நான் போனது ஒரு கோடைகாலத்தில். அக்கா என்று நான் கூப்பிட்டேன்; என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. கணவர் இறந்து நெடுங்காலம். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். அதில் வெங்காயம் நின்றது. வெங்காயத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் ஒரு வேலிதான்.

அயலில் இருந்த மற்றக் கிணறுகளில் தண்ணீர் கொஞ்சம் சவர். குளிக்கலாம், தோய்க்கலாம், தேநீர் வைத்தால் பால் திரளும். அக்காவின் கிணறு மட்டும் நல்லதண்ணிக் கிணறு. ஆகவே நாலரை மணியானால் அந்தப் பக்கத்துப் பெண்கள் குடத்தோடும் வாளியோடும் வருவார்கள். படலை திறந்தே கிடக்கும். கேட்டு உள்ளே வருகிற வழக்கம் இல்லை. கிணற்றுக் கட்டின் ஒரு பக்கத்தில் சிமெந்து பெயர்ந்த இடத்தில் ஒரு பழைய அம்மியைப் பதித்திருந்தார்கள். குடத்தை அதில் வைத்துத்தான் நிரப்புவார்கள். நிரப்பிய குடத்தை ஒருவரும் உடனே தூக்கியதில்லை. குடம் நிரம்ப ஐந்து நிமிடம், கதை முடிய முக்கால் மணித்தியாலம். அக்கா ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு நடுவில் இருப்பார்.

நான் போத்தலை மூன்று தரம் அதே தண்ணீரால் அலசி, நான்காம் தரம் நிரப்புவதைக் கண்டு எல்லோரும் கதையை நிற்பாட்டினார்கள்.

"என்ன பிள்ளை, மூண்டு தரம் கழுவி ஊத்துறீர்? எங்கடை தண்ணி அவ்வளவு ஊத்தையே?" என்றார் அக்கா.

"இல்லை அக்கா, போத்தல்தான் ஊத்தை."

"அப்ப போத்தலைக் கழுவிக் கொண்டந்திருக்கலாமே."

நாலு வீடு தள்ளி இருந்து வருகிற தையல்கார அக்கா ஒருவர் இருந்தார். அவர் வாய் சும்மா இருக்காது. "தண்ணிக்குள்ளை ஏதும் கிடந்தால் சொல்லுங்கோ ரீச்சர். என்ரை கத்தரிக்கோல் போன மாரியிலை துலைஞ்சது" என்றார். நான் ரீச்சர் இல்லை என்று சொல்லியும் அவர் கடைசிவரை ரீச்சர் என்றே கூப்பிட்டார்.

அன்று கிளம்பும்போது அக்கா படலைவரை வந்தார். "பேப்பரிலை எழுதிறனீராம். பேர் கீர் போட்டுடாதையும் என்ன. நான் தனிச் சீவன். ஆக்கள் வந்து போறதுதான் எனக்கு இஞ்சை."

"பேர் போடமாட்டன் அக்கா."

"ஊர்ப்பேரும்."

"ஊர்ப்பேரும் போடமாட்டன்."

அதன் பிறகு எட்டு வியாழக்கிழமைகள் போனேன். ஒரே நேரம், ஒரே ஆழம், ஒரே வாளி. மாதிரி எடுக்க ஒரு தரமே போதும், உறுதிசெய்ய இன்னொரு தரம். எட்டுத் தரம் போனதற்கு நாட்குறிப்பில் காரணம் எழுதியிருக்கிறேன்: "மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட." அந்த எட்டு வாரத்தில் மழையே பெய்யவில்லை. அந்த வியாழக்கிழமைகளின் மூன்றாவது வரி மட்டும் நீளமாக இருக்கிறது. அடுத்த வரியிலும் இறங்கியிருக்கிறது.

வீட்டில் நானே சோதித்துப் பார்த்தேன்; முடிவு எல்லாத் தரமும் ஒன்றுதான். கிணற்றில் நைத்திரேற்று குழந்தைகளுக்கு ஆகாத அளவில் இருந்தது. சவர்க் கிணறுகளைவிட இந்த நல்லதண்ணிக் கிணற்றில்தான் கூட. யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வுகூடத்தில் கொடுத்தும் உறுதிசெய்தேன். அந்தப் பெண்களில் ஒருத்திக்கு வீட்டில் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. எழுதாமல் இருக்க முடியாது.

அக்காவிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கட்டுரையை அனுப்பிவிட்டு, ஒரு வியாழன் அதற்கென்றே போனேன். அன்று தையல்கார அக்கா ஒரு கலியாண வீட்டில் சோறு முடிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் சொல்வோம் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரம் வருவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது, கட்டுரையும் வந்துவிட்டது.

பெயர் போடவில்லை. ஊர் போடவில்லை. நான் கொடுத்த வாக்கை ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்திருந்தேன். ஆனால் கட்டுரையின் இரண்டாம் பந்தியில் மாதிரி எடுத்த இடத்தை விவரித்திருந்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைத் துல்லியமாக எழுதாத அறிக்கையை நாங்கள் குப்பைக்குப் போடுவோம். பிறகு இன்னொருவர் போய் அதே இடத்தில் எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். அதனால் எழுதினேன்: கட்டின் மேல் அம்மி பதித்த கிணறு, வடக்கே ஒரு தேசிமரம், கிழக்கே வேலி, அதற்கு அப்பால் வெங்காயம், படலையிலிருந்து நாற்பது அடி.

அந்த ஊர் வாசிகசாலையில் ஞாயிறு காலை பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். இரண்டாம் பந்தி முடிய முன்பே கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி, "உது எங்கடை நல்லதண்ணிக் கிணறெல்லோ!" என்றாராம். இன்னொருவர் அடி அளந்து பார்க்கவே போய்விட்டாராம். நாற்பது அடி சரியாக இருந்ததாம்.

இதையெல்லாம் தையல்கார அக்கா சொல்லித்தான் அறிந்தேன். வியாழன் வழக்கம்போல நாலரைக்குப் போனேன். படலை திறந்திருந்தது. கிணற்றடியில் அக்கா கதிரையில் தனியே இருந்தார். எனக்குப் பின்னால் தையல்கார அக்கா வெறுங்கையோடு வந்து, படலைக்கு வெளியிலேயே நின்றுகொண்டு நடந்ததைச் சொன்னார்.

"நான் வாறதுக்கு எனக்கொண்டும் இல்லை ரீச்சர். வீட்டிலை மருமோள் விடுறாளில்லை. குடத்தைக் கண்டாலே கத்துறாள்."

ஐந்து மாதம் என்று நான் கணக்கில் எடுத்தது அவருடைய மருமகளைத்தான். அவள் கத்துவதுதான் சரி. அதற்காகத்தான் நான் எழுதினேன்.

தையல்கார அக்கா போன பிறகு அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இருந்தது ஒருவிதக் களைப்பு.

"பேர் போடேல்லைத்தான்," என்றார். "அம்மியைப் போட்டுட்டீர்."

"அக்கா, நான் அப்பிடி நினைக்கேல்லை."

"தேசிமரத்தையும் போட்டுட்டீர். என்னைப் படம் பிடிச்சுப் போட்டிருந்தாலும் உவ்வளவு வடிவாய் வந்திராது."

பிறகு, "பிழை எண்டு ஒரு வரி எழுதிவிடும். கொஞ்சம் கூடச் சொல்லிப்போட்டன், அவ்வளவு இல்லை எண்டு எழுதும். ஆக்கள் வருவினம்" என்றார்.

"எழுதேலாது அக்கா. பிழையில்லை. அந்தப் பிள்ளை பிறந்தாப் பிறகு இந்தத் தண்ணியிலை பால் கரைச்சால்..."

"அது எனக்கும் விளங்குது. நான் மாடோ?" அவர் வாளியைக் கிணற்றுக்குள் விட்டு அள்ளி, ஒரு செம்பில் ஊற்றி முழுவதும் குடித்தார். "அறுவது வருசத்துக்கு மேலை குடிக்கிறன். எனக்கு என்ன செய்தது?"

"பெரியாக்களுக்குப் பெரிசாய் ஒண்டும் செய்யாது. கைக்குழந்தை இல்லாத வீட்டிலை அவ்வளவு பயமில்லை."

"அப்ப நீர் குடியும். உம்மடை வீட்டிலை குழந்தையே கிடக்கு?"

அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். செம்பை நீட்டினார், வாங்கிக் குடித்தேன். இனிப்பான தண்ணீர். பொய் சொல்லக்கூடாது, குடாநாட்டில் அதைவிட நல்ல ருசியுள்ள தண்ணீரை நான் குடித்ததில்லை.

மறுவாரம் இரண்டாவது கட்டுரை எழுதினேன். கிணற்றில் குற்றமில்லை, கிணற்றுக்காரரிலும் குற்றமில்லை. பசளையை அளவறிந்து போடவேண்டும். குளிக்கவும் தோய்க்கவும் தாராளமாய் அள்ளலாம். வளர்ந்தவர்கள் அயலாருடைய வளவை விட்டு ஓடவேண்டியதில்லை. இந்த முறை எந்த இடத்தையும் விவரிக்கவில்லை. உதவி ஆசிரியர் தொலைபேசியில், "முதல் கட்டுரையிலை இருந்த உயிர் இதிலை இல்லை. அந்தக் கிணறு அப்பிடியே கண்ணுக்கு முன்னாலை நிண்டதல்லோ" என்றார். நன்றி சொல்லி வைத்தேன். வாசிகசாலையில் அதை வாசித்தார்களா தெரியாது. ஒருவரும் எழும்பவில்லை என்பது மட்டும் தெரியும்.

கைக்குழந்தை இல்லாத வீட்டுக்காரி என்ற தகுதியில் நான் மட்டும் போனேன். வியாழன் மட்டும் என்றிருந்தது திங்களும் வியாழனும் என்றாயிற்று. ஸ்கூட்டியின் முன்பக்கத்தில் ஐந்து லீற்றர்க் கான் ஒன்றை வைத்துக்கொண்டு போய் நிரப்பி வருவேன். அக்கா எனக்குக் கதிரை போடுவார். ஆனால் நான் முக்கால் மணித்தியாலம் கதைக்கக்கூடியவள் அல்ல. கலியாண வீட்டில் சோறு முடிந்த கதை என்னிடம் இல்லை. வெங்காயத்துக்கு எப்போது கடைசியாகப் பசளை போட்டார்கள் என்று கேட்பேன். அவர் சொல்வார். பிறகு இரண்டு பேரும் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் அவர், "நீர் வாறது நல்லதுதான் பிள்ளை. ஆனால் நீர் வந்தால் டொக்டர் வந்த மாதிரிக் கிடக்கு" என்றார்.

மாரி தொடங்கமுன் வாசிகசாலைக்குப் பக்கத்தில் ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வந்தது. வெளிநாடுகளில் இருக்கும் ஊர்க்காரர் கூடி வைத்தார்கள். பின்னேரம் நாலரையிலிருந்து ஐந்தரைவரை தண்ணீர் விடுவார்கள். திறப்பு விழாவில் என் கட்டுரையைப் பற்றி ஒருவர் மேடையில் பாராட்டிப் பேசியதாகப் பத்திரிகையில் இருந்தது. எனக்கு அழைப்பு வந்திருக்கவில்லை. என் முகவரி அவர்களிடம் இல்லை. தையல்கார அக்காவின் வீட்டில் பேத்தி பிறந்திருந்தாள். சுகமாக இருந்தாள். நான் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளில், எழுதியபடியே நடந்தது அது ஒன்றுதான். அதை நாட்குறிப்பில் குறித்து, கீழே கோடு போட்டேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. திங்கட்கிழமை வரட்டும் என்று இருந்தேன்.

திங்களன்று போனபோது படலை சாத்தியிருந்தது. கொழுக்கியை எடுத்து உள்ளே போய்க் கூப்பிட்டேன். கிணற்றடியில் கதிரை இல்லை. கதவு பூட்டியிருந்தது. அக்கா அந்த நேரத்தில் எங்கும் போகிறவர் அல்ல. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். யன்னலால் எட்டிப் பார்த்தேன். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, யாரிடமாவது கேட்போம் என்று வாசிகசாலைப் பக்கம் போனேன்.

இயந்திரத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் கான்களை வரிசையில் வைத்துவிட்டு, தாங்கள் மதிலோரம் நிழலில் நின்றார்கள். கான்கள்தான் வரிசையில் நின்றன. ஆட்கள் கூட்டமாய் நின்றார்கள். நடுவில் பிளாஸ்ரிக் கதிரையில் அக்கா. கதிரையை வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தார்.

தையல்கார அக்காதான் என்னை முதலில் கண்டார். "ஆ, ரீச்சர் வந்திட்டா! தண்ணிக்குப் பிழை சொன்னவவுக்கு வரிசை இல்லை, நேரை முன்னுக்குப் போங்கோ."

"அவ ஏன் முன்னுக்குப் போறா? கானைக் காணேல்லை," என்றார் இன்னொருத்தி.

என் கானை அக்காவின் படலையடியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். "அக்காவைத் தேடி வந்தனான்," என்றேன்.

"நான் எங்கை போறது? இஞ்சைதான் ரெண்டு கிழமையாய்," என்றார் அக்கா. "நீர் வராத நாளிலை வந்தனான். இண்டைக்குத் திங்கள் எண்டதை மறந்துபோனன்."

மறந்துபோனார். அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். ஸ்கூட்டியின் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு நின்றேன். கதை நான் வரமுன் எங்கே நின்றதோ அங்கிருந்து தொடர்ந்தது; யாரோ ஒருவருடைய மாமியார் கனடாவிலிருந்து வந்து குளிர் இல்லையென்று முறைப்பாடு சொன்ன கதை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

அக்காவின் முறை வந்தது. பத்து லீற்றர்க் கான் நிரம்பியது. "பிள்ளை, உதை உம்மடை ஸ்கூட்டியிலை ஏத்தும். எனக்குக் கதிரையும் கிடக்கு" என்றார். ஏற்றினேன். அவர் கதிரையைக் கையில் மாட்டிக்கொண்டு மற்றப் பெண்களோடு கதைத்தபடி முன்னால் நடந்தார். நான் ஸ்கூட்டியின் எஞ்சினை நிற்பாட்டி, கால்களால் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒவ்வொருத்தியாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்து நிமிடம் நின்றோம்.

வளவுக்குள் வந்ததும் கானை எங்கே வைக்க என்று கேட்டேன். குசினியைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் வேலியோரத்து மல்லிகைப் பந்தலைக் காட்டினார். மூடியைத் திறந்து, கானைச் சரித்து, ஒவ்வொரு கொடியின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றத் தொடங்கினார்.

"அக்கா! அது சுத்திகரிச்ச தண்ணி."

"ஓம். நல்லாய்ப் பூக்குது."

"நீங்கள் குடிக்கிறேல்லையோ?"

"சீ, அதை ஆர் குடிக்கிறது? சப்பெண்டு கிடக்கு. நான் எங்கடை கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறனான்." கானைக் கவிழ்த்து, கடைசித் துளிவரை வடியவிட்டார். "பின்னை என்ன செய்யிறது? நிறைகானோடை நாளைக்கு வரிசைக்குப் போகேலுமே?"

பத்து லீற்றர். அந்த இயந்திரம் ஒரு லீற்றரைச் சுத்தமாக்க எவ்வளவு தண்ணீரைக் கழிக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

அக்கா கானை வெயில் படும்படி வாசற்படியில் கவிழ்த்து வைத்தார். "இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இருக்கக் கதிரையைப் போடவில்லை. அது படலையடியில், நாளைக்கு எடுத்துப்போக வசதியாக, மதிலில் சாய்த்திருந்தது. நான் நின்றபடியே தேநீர் குடித்தேன். பேத்தி பிறந்ததை, கட்டுரை பலித்ததைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அக்கா அதை இரண்டு கிழமைக்கு முன்பே, வரிசையில் நின்றவர்களோடு சேர்ந்து, கொண்டாடி முடித்திருந்தார். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, என் கானை எடுத்துக்கொண்டு வந்தேன். நிரப்பவில்லை.